கழனிக்குக் கொல்லை

வீடு கட்டுகிறவர்கள் மணல் விலைக்குப் பயப்படுவார்கள், மழைக்குப் பயப்படுவார்கள். நான் என் பெரியப்பா மகளுக்குப் பயந்தேன். அக்கா என்னை ஒரு சொல் கடிந்து பேசியவள் கிடையாது. அப்படிப்பட்டவளின் போன் வந்தால்கூட எடுக்காமல், அது ஓயும்வரை திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள் எனக்கு வந்தன.

நான் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வேலையில் இருந்த காலமெல்லாம் வாடகை வீடுதான். திருத்தணியில் வாடகைக்கு இருப்பதில் தனித் தொல்லை ஒன்று உண்டு. ஆடிக் கிருத்திகை வந்தால் வீட்டுக்காரரின் சொந்தபந்தமெல்லாம் காவடியோடு வந்து இறங்கிவிடும், நம் குளியலறை அவர்களுடையதாகிவிடும். “ரெண்டு நாளுதானே சிஸ்டர்” என்று வீட்டுக்காரி சிரிப்பாள். கணவர் போன பிறகு அந்தச் சிரிப்பைத் தாங்கும் பொறுமை எனக்குக் குறைந்துவிட்டது. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தைச் சென்னையில் ஒரு ஃப்ளாட்டில் போடச் சொன்னாள் மகள். அந்தரத்தில் தொங்குகிற வீடு எனக்கு எதற்கு, மண்ணில் நிற்கிற வீடாகக் கட்டிக்கொள்கிறேன் என்று வீறாப்பாகச் சொன்னேன்.

மண் என்று நான் சொன்னது திருப்பதி ரோட்டை ஒட்டி இருக்கும் எங்கள் கொல்லையை. எங்கள் பக்கத்தில் தண்ணீர் பாய்ந்து நெல் விளைகிற நிலம் கழனி. மழையை நம்பி வேர்க்கடலை போடுகிற மேட்டு நிலம் கொல்லை. தாத்தாவின் நிலத்தை நைனாவும் பெரியப்பாவும் பிரித்துக்கொண்டபோது, கிணற்றோடு சேர்ந்த கழனி நைனாவுக்கும், ரோட்டோரக் கொல்லை பெரியப்பாவுக்கும் வந்தன. நைனா பஸ் கண்டக்டர். விடிவதற்குள் டிப்போவுக்கு ஓடுகிறவர் கழனியில் என்ன செய்வார்? கோரை முளைத்துக் கிடந்தது. பெரியப்பாவோ முழுநேர விவசாயி. தண்ணீரில்லாத கொல்லையை வைத்துக்கொண்டு கை பிசைந்துகொண்டிருந்தார். பார்த்தார்கள், மாற்றிக்கொண்டார்கள். வரப்பில் ஒரு தேங்காய் உடைத்து, ஆளுக்கொரு கைப்பிடி மண் எடுத்து அடுத்தவர் துண்டில் கொட்டினார்கள். எங்கள் ஊரில் அண்ணன் தம்பிகள் நிலம் மாற்றிக்கொள்வது அப்படித்தான். கூடப்பிறந்தவனிடம் போய்ப் பத்திரம் எழுதலாமா என்று கேட்டால், அதற்குப் பிறகு சாவுக்குக்கூடப் பேச்சு இருக்காது.

அன்றிலிருந்து ரோட்டோர நிலத்துக்கு ஊரில் கண்டக்டர் கொல்லை என்றே பெயர். வரி கேட்டு வருகிற தலையாரியும் அப்படித்தான் சொல்வார், பக்கத்து நிலத்துக்காரரும் அப்படித்தான் சொல்வார். பட்டா, அண்ணன் தம்பி இருவர் பேரிலும் கூட்டாக இருந்தது. நைனாவுக்கு நான் ஒருத்தி, பெரியப்பாவுக்கு அக்கா ஒருத்தி. பெரியவர்கள் இருவரும் போன பிறகும் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வந்ததில்லை. மாற்றிக்கொண்ட கதை எனக்கு நன்றாகத் தெரியும். மாறியது மண் மட்டும்தான், பத்திரத்தில் பழையபடியே கிடக்கிறது என்பது தெரியாது.

கட்டித் தர வந்தவர் கொத்தனாராக இருந்து காண்ட்ராக்டர் ஆனவர். சட்டைப்பையில் எப்போதும் அளவு டேப் துருத்திக்கொண்டிருக்கும். முத்திரைத் தாளில் ஒப்பந்தத்தை அடித்துக்கொண்டு வந்து நீட்டினார். “எல்லாருக்கும் எழுதறதுதாங்க நர்சம்மா, இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு போட்டுடுங்க” என்றார். ஆபரேஷனுக்கு முன்னால் இதே குரலில் எத்தனை பேரிடம் நான் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்! ஒருவராவது படித்துப் பார்த்ததில்லை. படிக்க ஆரம்பிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். அந்த எரிச்சல் அவருக்கு வந்துவிடக் கூடாதே என்று நானும் படிக்காமல் போட்டேன். பிளான் அப்ரூவலையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். சரி என்றேன்.

பூமி பூஜைக்கு நகரியிலிருந்து அக்காவும் அவள் கணவர் பாவாவும் வந்தார்கள். நகரி, ஆந்திராவில் என்றாலும் பஸ் ஏறினால் பக்கம்தான். பாவா அங்கே வீட்டிலேயே பவர்லூம் போட்டிருக்கிறார், அதிகம் பேசமாட்டார். அக்கா எனக்கு ஒரு புடவை கொண்டுவந்திருந்தாள். குழியில் நவதானியம் போட்டு, பால் ஊற்றி, என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். பாவா மட்டும் கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, எல்லைக்கல் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். வெயில் தாங்காமல் புங்கமர நிழலுக்கு ஒதுங்கியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கடக்கால், பேஸ்மட்டம், சுவர், லிண்டல் என்று வீடு மளமளவென்று எழுந்தது. தினமும் சாயங்காலம் போய்ச் சுவருக்குத் தண்ணீர் விடுவேன். ஈரச் செங்கல் வாசனைக்கு அப்படி ஒரு மயக்கம் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. தளத்துக்குச் சென்டரிங் பலகை அடித்து முடிக்கும்போது கையிருப்பு கரைந்திருந்தது. பேங்கில் கொஞ்சம் கடன் வாங்கித் தளத்தைப் போட்டுவிடலாம் என்று போனேன். வக்கீலிடம் காட்டிச் சட்டக் கருத்து வாங்கி வாருங்கள் என்று அனுப்பினார்கள்.

தாலுகா ஆபீஸ் எதிரில், ஜெராக்ஸ் கடை மாடியில் அந்த வக்கீலின் அறை. பட்டாவை நீட்டினேன். அது போதாது, தாய்ப் பத்திரம் வேண்டும் என்றார். பத்திர ஆபீஸில் எழுதிக் கொடுத்து, தாத்தா நிலத்தின் பாகப்பிரிவினைப் பத்திர நகல் வாங்கிப் போனேன். படித்தார். திரும்பவும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். டாக்டர்கள் எப்போது கண்ணாடியைக் கழற்றுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

“சிஸ்டர், நீங்க வீடு கட்டிகினு இருக்கறது உங்க பெரியப்பா நெலத்துல.”

“மாத்திக்கினாங்க சார். ஊருக்கே தெரியும்.”

“ஊருக்குத் தெரியும். பத்திரத்துக்குத் தெரியலையே? நெலத்த வாயால மாத்திக்கினா செல்லாது. ரிஜிஸ்டர் பண்ணியிருக்கணும்.”

“இத்தன வருஷமா நாங்கதானே கடல போட்டோம்?”

“கோர்ட்ல சொல்லலாம். ஜெயிக்கவும் செய்யலாம். அதுவரைக்கும் உங்க கம்பி மேல பார்த்து நீட்டிகினு நிக்கும், பரவாயில்லையா?” என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “உங்க அக்கா வந்து, நெலத்த மாத்திக்கினோம்னு பரிவர்த்தனைப் பத்திரம் எழுதிக் குடுத்தா ஒரே நாள்ல முடிஞ்சிடும். அவங்க மாட்டேன்னு சொன்னா, நெலம் யாருதோ கட்டடத்தையும் அவங்கதான் கேப்பாங்க. ஒண்ணு ஞாபகம் வெச்சிக்கங்க. இதே பத்திரப்படி கழனி உங்களுது.” நகலில் கழனி வருகிற வரியின் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார்.

நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினேன். அக்காவிடம் போய் எழுதிக் கொடு என்று கேட்பதில் எனக்குக் கூச்சமில்லை. ஆனால் கேட்க வேண்டுமானால் முதலில் சொல்ல வேண்டும். நான் ஓய்வுப் பணம் முழுவதையும் கொட்டிய இடம் சட்டப்படி உன்னுடையது என்று என் வாயாலேயே சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் கழனிதான் தங்கம், கொல்லைக்கு மதிப்பே இல்லை. இப்போது ரோடு அகலமாகி, இரண்டு பக்கமும் ஹோட்டலும் பெட்ரோல் பங்கும் வந்துவிட்டன. கழனிக் கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கிறது. இது தெரியாதவர்கள் நகரியில் இல்லை. பாவாவின் லூம் வருமானம் எவ்வளவு இழுபறி என்பதும் எனக்குத் தெரியும். நானாக இருந்தால் என்ன செய்வேன் என்று நினைத்துப் பார்த்தேன். வந்த பதிலை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துப் படித்தேன், முதல் முறையாக. நில உரிமையில் தகராறு வந்தால் காண்ட்ராக்டர் பொறுப்பில்லை. வேலை நிற்கிற நாட்களுக்குச் சென்டரிங் வாடகையும் ஆள் கூலியும் என் தலையில். பாக்கி தீரும்வரை கட்டடம் அவர் வசம். அதாவது ஒரு பக்கம் அக்கா, இன்னொரு பக்கம் காண்ட்ராக்டர், நடுவில் கூரையில்லாத என் வீடு. இரத்த அழுத்தம் பார்க்கிற கருவி வீட்டில் இருந்தும் நான் பார்க்கவில்லை. பார்த்தால் மாத்திரையைக் கூட்ட வேண்டியிருக்கும்.

சுவருக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டேன். யாருடைய சுவருக்கோ நான் ஏன் விட வேண்டும் என்ற குருட்டு ஆத்திரம். அடுத்த நாளே சுவர் வெடித்துவிடுமோ என்று பதறிக்கொண்டு ஓடி, குடம் குடமாக ஊற்றினேன். காண்ட்ராக்டர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா நர்சம்மா, லோன் இன்னும் வரலியா? பலக வாடக ஏறிகினே போவுது. கிருத்திகைக்கு முன்னால தளம் போட்டாதான் உண்டு. அப்புறம் ரோட்டுல லோடு வுடமாட்டாங்க.”

“வரும்பா.”

“நெலத்துல எதுனா வில்லங்கமா? சொல்லுங்க. நகரில நம்ம ஆளுங்க கீறாங்க, பேசி முடிச்சிடலாம்.”

நகரி என்று நான் அவரிடம் சொல்லவேயில்லை. பூமி பூஜைக்கு வந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று விசாரித்து வைத்திருக்கிறார். இவரே போய் அக்காவிடம் கொல்லையை விலைக்குப் பேசிவிட்டால்? வீடும் அவருடையது, பாக்கிக்காரியும் நான். அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை. விடிந்ததும், நகரி வழியாகப் போகும் திருப்பதி பஸ்ஸில் ஏறினேன்.

பையில் பத்திர நகல் இருந்தது. அக்கா மசியவில்லை என்றால் பென்சில் கோட்டைக் காட்டலாம், கழனி என்னுடையது என்று சொல்லலாம் என்று வழியெல்லாம் வசனம் தயார் செய்தேன். அந்தக் கழனியின் ஒரு மூலையில்தான் பெரியப்பாவையும் பெரியம்மாவையும் புதைத்திருக்கிறது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தாலும், அக்கா வருஷா வருஷம் பொங்கலுக்கு மறுநாள் வந்து சமாதிக்குப் படையல் போட்டுவிட்டுப் போவாள். அதை நினைத்ததும் வசனத்தைப் பாதியில் விட்டேன். ஆனாலும் நகலைக் கிழித்துப் போடவில்லை.

அக்கா வீட்டு முன்னறை முழுக்கத் தறி. மூன்றும் ஓடிக்கொண்டிருந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. பாவா நூல் அறுந்த இடத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். அக்கா என்னை உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். நான் ஏதோ சொன்னேன், அவள் காதில் கை வைத்து “இன்னா?” என்றாள். இன்னும் சத்தமாகச் சொன்னேன். மறுபடியும் “இன்னா?” அடிவயிற்றிலிருந்து எழுப்பி நான் கத்தவும், கரண்ட் போகவும் சரியாக இருந்தது.

“அந்தக் கொல்ல பத்திரப்படி உன்னுதுக்கா!”

தெருவுக்கே கேட்டிருக்கும். தறிகள் நின்ற அந்த அறையில் என் குரல் மட்டும் தனியாக நின்றது. எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள். அக்காவின் முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. நான் அவளிடம் அழுகையை எதிர்பார்த்திருந்தேன், ஆச்சரியத்தை எதிர்பார்த்திருந்தேன், ஒரு சிரிப்பையாவது எதிர்பார்த்திருந்தேன். ஒன்றுமில்லை. அவள் பாவாவைப் பார்த்தாள். பாவா கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

தலையும் வாலுமாக மிச்சத்தையும் சொல்லி முடித்தேன். பென்சில் கோட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

“பாக்கலாம்” என்றார் பாவா.

“சாப்டுட்டுப் போ” என்றாள் அக்கா.

அவ்வளவுதான். நோயாளியின் சொந்தக்காரர்களிடம் நாங்களும் இப்படித்தான் ‘பார்க்கலாம்’ என்போம். அது எதற்கான சொல் என்று எனக்குத் தெரியும். சாம்பார் சாதத்தில் உப்பு இருந்ததா இல்லையா என்றுகூடத் தெரியாமல் விழுங்கிவிட்டு வந்தேன்.

பிறகு அவர்களிடமிருந்து போன் இல்லை. நானும் செய்யவில்லை. ஒருநாள் அக்காவின் பேர் திரையில் வந்தது. மாட்டேன் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. எடுக்கவில்லை. அடுத்தடுத்த நாளும் வந்தது. எடுக்காதவரைக்கும் வீடு என்னுடையது என்று ஒரு பைத்தியக்காரக் கணக்கு.

போனை எடுக்காததால் நேரிலேயே வந்துவிட்டார்கள். நான் கட்டடத்தில் நின்றுகொண்டிருக்கும்போது ஆட்டோ வந்து நின்றது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். பலகைக்கு முட்டுக் கொடுத்த கம்புகளுக்கு நடுவே குனிந்து குனிந்து ஒவ்வொரு அறையாகப் போனாள். நான் பின்னாலேயே போய், இது சமையல் ரூம், இது சாமி ரூம் என்று காட்டிக்கொண்டிருந்தேன். வாடகைக்கு வீடு கேட்டு வந்தவளிடம் வீட்டுக்காரி காட்டுவது போல இல்லை. வீட்டுக்காரியிடம் வேலைக்காரி கணக்குச் சொல்வது போல இருந்தது. என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. பாவா விரலை மடக்கிச் சுவரைத் தட்டிப் பார்த்தார். காண்ட்ராக்டரைக் கூப்பிட்டு, “தளம் எவ்ளோ தடிப்பு போடுவ?” என்று கேட்டார். சொந்தக்காரன் கேட்கிற கேள்வி. 

அக்கா ஜன்னலுக்கு விட்ட இடத்தில் நின்று வெளியே பார்த்தாள். “காத்து நல்லா வருது” என்றாள்.

“ஆங், வரும்க்கா.”

பாவா என்னிடம் வந்தார். “எழுதிடலாம்மா. ஒரே பத்திரமா. கொல்ல உனக்கு, கழனி அவளுக்கு. ரெண்டும் ஒரே நாள்ல எழுதணும், ஒண்ணு முன்ன ஒண்ணு பின்ன வாணாம்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது.  ஆனால் பயம் போய்விட்டது என்று யாராவது நினைத்தால் அவர்கள் பத்திர ஆபீஸுக்குப் போனதில்லை என்று அர்த்தம்.

பதிவு நாளன்று டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். பாவாவுக்குப் போன் வந்தபடியே இருந்தது. ஒவ்வொரு முறையும் எழுந்து வெளியே போய்த் தெலுங்கில் தணிந்த குரலில் பேசிவிட்டு வந்தார். காண்ட்ராக்டரோ, அவருடைய ‘நம்ம ஆளோ’ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கூப்பிட்டார்கள். அக்கா விரலை மிஷினில் வைத்தாள். பதியவில்லை. நூல் இழுத்து இழுத்து அவள் விரல் ரேகை தேய்ந்துபோயிருந்தது. துடைத்துவிட்டு வைத்தாள், பதியவில்லை. அடுத்த விரல். அதுவும் இல்லை. “இன்னொரு நாள் வரீங்களாம்மா?” என்றார் கம்ப்யூட்டரில் இருந்தவர். இன்னொரு நாள் என்றால் இவர்கள் மனசு மாறிவிடும் என்று எனக்குத் தோன்றியது. கைப்பையிலிருந்த தேங்காயெண்ணெயை எடுத்து, அக்காவின் விரலைப் பிடித்து, ஊசி போடுகிற இடத்தைத் தேய்க்கிற மாதிரி தேய்த்துவிட்டேன். துணியால் ஒற்றி எடுத்து வைத்தேன். பதிந்தது.

“என்ன எழுதியிருக்குன்னு தெரியுமாம்மா? சம்மதம்தானே?” என்றார் அதிகாரி.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “இவ மொதல்ல சொல்லட்டும்” என்றாள்.

நான் சம்மதம் என்றேன். அதன் பிறகுதான் அவள், “ஆங், சம்மதம்தாங்க” என்றாள்.

வெளியே வந்து சோடாக் கடையில் நின்றோம். பாவா பஸ் பார்க்கப் போயிருந்தார். அக்கா ஒரு மடக்குக் குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“பூம பூஜ அன்னிக்கே எங்களுக்குத் தெரியும்டி. பத்திரம் எங்க பீரோவுலதானே கீது.”

 “அப்பவே ஏன்க்கா சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ கடக்கால் தோண்டியிருப்பியா? கொல்ல எங்களுதுன்னா கழனி உன்னுதுன்னு வந்து நின்னிருப்ப. அம்மாவும் அப்பாவும் அங்கதானே படுத்துகினு கீறாங்க. நீ அங்க வீடு கட்டினாலும் போச்சி, வித்தாலும் போச்சி. சொவுரு ஏத்திட்டா நீ கழனியக் கேக்கமாட்டன்னு நான்தான் அவர வாயத் தொறக்க வுடல. ரோட்டோரத்த எதுக்கு வுடணும்னு அவருக்கு எம்மேல எவ்ளோ கோவம் தெரியுமா? நீ ஒவ்வொரு தபா போன் பண்றப்பவும், கழனியக் கேக்கத்தான் பண்றியோன்னு எனக்கு ஒடம்பு வெடவெடன்னு ஆயிடும்.”

நான் சுவர் எழுப்ப எழுப்ப, அங்கே இவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் வந்திருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது. என் பணமெல்லாம் மண்ணில் இறங்கும்வரை காத்திருந்தாயா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“கேட்டிருப்பியா, மாட்டியா? இப்பதான் எழுதிட்டமே, சும்மா சொல்லு.”

மாட்டேன் என்று சொல்லிவிடலாம். அவளும் நம்புவது போல இருந்துவிடுவாள். நகரிக்குப் போன அன்று பையில் இருந்த காகிதம் அவளுக்குத் தெரியாது.

“கேட்டிருப்பேன்க்கா” என்றேன்.

“அதான” என்றாள், கோபமே இல்லாமல். சோடா பாட்டிலைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பாவா தூரத்திலிருந்து கையை ஆட்டிக் கூப்பிட்டார், பஸ் வந்துவிட்டிருந்தது. “தளம் போடறன்னிக்குப் போன் பண்ணு, வந்துடறோம்” என்று சொல்லிவிட்டு வேகவேகமாக நடந்தாள்.